ஊரடங்கு போன பின்னும் போகாத பழக்கங்கள்

"ஊரடங்கின்போது நாள்தோறும் வீட்டில் சமைத்தேன், உடற்பயிற்சி செய்தேன். எல்லாம் திறந்த சில மாதங்களில் இரண்டும் நின்றுபோயின. ஆனால் அதே நாட்களில் வந்து சேர்ந்த இரவுக் கொறிப்பும் பின்னிரவுத் தூக்கமும் இத்தனை ஆண்டுகளாகியும் போகவில்லை. நல்லது மட்டும் ஏன் உதிர்கிறது? என் மனவுறுதியில்தான் குறையா?" என்பது கேள்வி.

மனவுறுதியை இதில் இழுக்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து. நல்ல பழக்கம் உதிரும், கெட்ட பழக்கம் ஒட்டும் என்றொரு விதியும் கிடையாது. ஒரு பழக்கம் எந்த இடத்தையும் எந்த நேரத்தையும் பற்றிக்கொண்டு வளர்ந்ததோ, அந்த இடமும் நேரமும் ஊரடங்குக்குப் பின் நீடித்தனவா, கலைந்தனவா என்று பார்த்தால், எது நின்றது, எது போனது என்பதற்குப் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். உங்கள் சமையலுக்கும் உடற்பயிற்சிக்கும் இடம் கொடுத்த நேரம் கலைந்துவிட்டது. கொறிப்புக்கும் கண்விழிப்புக்கும் இடம் கொடுத்த நேரம் அப்படியே இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11 அன்று கோவிட்-19 நோயைப் பெருந்தொற்று என்று குறிப்பிட்டது. அடுத்த சில வாரங்களில், அதாவது ஏப்ரல் தொடக்கத்திற்குள், மனித குலத்தில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஏதோ ஒரு வகைக் கட்டுப்பாட்டின் கீழ் வீட்டுக்குள் இருந்தார்கள். பழக்கங்களை ஆராய்பவர்கள் கனவிலும் நடத்தியிருக்க முடியாத ஒரு சோதனை அது. கோடிக்கணக்கானோரின் புறப்படும் நேரம், பயணம், மதிய இடைவேளை, திரும்பும் வழி ஆகிய அனைத்தும் ஒரே வாரத்தில் அழிக்கப்பட்டன. 2023 மே 5 அன்று உலகளாவிய அவசரநிலை முடிந்ததாக அறிவிக்கப்பட்டபோது, அழிக்கப்பட்டவற்றில் சில மட்டுமே பழைய இடத்துக்குத் திரும்பியிருந்தன.

பழக்கம் எங்கே குடியிருக்கிறது என்பதைக் காட்டும் ஆய்வு ஒன்று ஊரடங்குக்குப் பல ஆண்டுகள் முந்தையது. 2011-இல் வெண்டி வுட் உள்ளிட்ட உளவியலாளர்கள் திரையரங்குக்கு வந்தவர்களில் சிலருக்குப் புதிதாகப் பொரித்த பாப்கார்னையும், சிலருக்கு ஒரு வாரத்துக்கு முன் பொரித்து நமத்துப்போன பாப்கார்னையும் கொடுத்தார்கள். திரையரங்கில் பாப்கார்ன் தின்று பழகியவர்கள், நமத்ததையும் புதியதைத் தின்ற அளவுக்கே தின்றார்கள். சுவை நன்றாயில்லை என்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. கேட்டபோது சொல்லவும் செய்தார்கள். அதே நமத்த பாப்கார்னை ஒரு கூட்ட அறையில் வைத்துக் கொடுத்தபோது இந்தப் பழக்கம் வேலை செய்யவில்லை. இன்னொரு சோதனையில், வழக்கமாகப் பயன்படுத்தாத கையால் எடுத்துத் தின்னச் சொன்னார்கள். அந்தச் சிறு இடையூறே போதுமானதாக இருந்தது, நமத்ததைக் குறைவாகவே தின்றார்கள். தின்பதற்கான கட்டளை நாக்கிலிருந்தோ வயிற்றிலிருந்தோ வராமல், இருட்டு, இருக்கை, திரை, கை போகும் வழி ஆகியவற்றிலிருந்து வந்துகொண்டிருந்தது என்பதுதான் இதன் பொருள். ஊரடங்கில் நம் வீட்டுச் சோபாவும் படுக்கையும் அந்தத் திரையரங்கு இருக்கையின் வேலையை ஏற்றுக்கொண்டன.

இதை என் மேசையிலேயே பார்த்தேன். வீட்டிலிருந்து வேலை தொடங்கிய புதிதில், நாற்காலியிலிருந்து எழுந்தால் நேரே சமையலறை அலமாரி தெரியும்படி மேசையைப் போட்டிருந்தேன். மூன்றாவது வாரத்தில், பிறருக்குச் சொல்லும் அறிவுரையை எனக்கே சோதித்துப் பார்க்கலாமே என்று, வாயில் போடும் ஒவ்வொன்றையும் நேரத்தோடு ஒரு தாளில் குறித்தேன். நான்கு நாள் குறிப்பைச் சேர்த்துப் பார்த்தபோது, மணிக் கணக்கில் எந்த ஒழுங்கும் தென்படவில்லை. காலை பத்தரைக்கும் இருந்தது, மாலை ஐந்துக்கும் இருந்தது. பிறகுதான் அழைப்புப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லாக் குறிப்புகளும் ஏதாவதொரு காணொலிக் கூட்டம் முடிந்த இரண்டொரு நிமிடங்களுக்குள் விழுந்திருந்தன. கூட்டம் முடியும், மடிக்கணினியை மூடுவேன், எழுவேன், டப்பாவின் மூடி திறக்கும். பசி அந்த வரிசையில் எங்குமே இல்லை. மேசையைத் திருப்பி, சுவரைப் பார்க்கப் போட்ட பிறகு அந்த டப்பா நாள்கணக்கில் திறக்கப்படாமல் கிடந்தது. உணவைப் பற்றி நான் எந்த முடிவும் எடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஒரு பழக்கம் வேரூன்ற எவ்வளவு நாளாகும் என்ற கேள்விக்கு 21 நாள் என்ற விடை பல இடங்களில் சொல்லப்படுகிறது. அதன் மூலம், 1960-இல் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற ஒட்டறுவை மருத்துவர், தம் நோயாளிகள் மாறிய முகத்துக்குப் பழகக் குறைந்தது ஏறத்தாழ 21 நாள் பிடிப்பதாக எழுதிய ஒரு கவனிப்பே தவிர, அளந்து பார்த்த முடிவன்று. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரைக் கொண்டு செய்த ஆய்வு, இதைவிட நம்பத்தக்கது. ஒவ்வொருவரும் உண்ணுதல், பருகுதல், உடலியக்கம் ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்து, நாள்தோறும் ஒரே சூழலில் 12 வாரம் செய்துவந்தார்கள். அது தன்னியல்பாக நடக்கத் தொடங்குவதற்குப் பிடித்த காலம், நடுமதிப்பாக 66 நாள். ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள் வரை வேறுபடும் என்று கணித்தார்கள்; 12 வாரத்தைத் தாண்டிய எண்கள் பதிவுகளின் போக்கிலிருந்து கணக்கிட்டவை. இடையில் ஒருநாள் விட்டுப்போனதால் பெரிய பாதகம் எதுவும் ஏற்படவில்லை. பல நாடுகளில் கட்டுப்பாடுகள் இரண்டு மாதத்தைத் தாண்டின, சில இடங்களில் அலை அலையாகத் திரும்பவும் வந்தன. ஒரு புதிய பழக்கம் ஊன்றிக்கொள்ள அது தாராளமான காலம். எனவே, நீங்கள் அப்போது சமைத்ததும் உடற்பயிற்சி செய்ததும் வெறும் உற்சாகம் என்று நினைத்துவிடாதீர்கள். அவை உண்மையிலேயே பழக்கமாகியிருக்கக்கூடும். அவற்றின் அடியிலிருந்த தரைதான் பின்னால் உருவப்பட்டது.

அந்தத் தரைக்கு ஓர் அளவும் இருக்கிறது. 27 நாடுகளில் எடுத்த கணக்கெடுப்புகளைக் கொண்டு நிக்கோலஸ் புளூம் முதலிய பொருளியலாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வீட்டிலிருந்து வேலை செய்யும் நாளில் ஒருவருக்குப் பயணத்தில் மிச்சமான நேரம் சராசரியாக 72 நிமிடம். அதில் ஏறத்தாழ 40 விழுக்காடு திரும்ப வேலைக்கே போனது, 34 விழுக்காடு ஓய்வுக்கும் பொழுதுபோக்குக்கும் போனது. வீட்டுச் சமையல் என்பது அடுப்பருகே நிற்கும் அரைமணி நேரத்தோடு முடிவதில்லை. என்ன இருக்கிறது என்று பார்ப்பது, இல்லாததை வாங்குவது, நறுக்குவது, கழுவி வைப்பது என்று அது நாள் முழுவதும் சிதறிக் கிடக்கும் வேலை. இரண்டு கூட்டங்களுக்கு நடுவே கிடைக்கும் பத்து நிமிடங்களில்கூட அதைக் கொஞ்சம் நகர்த்திவிடலாம். அலுவலகத்துக்குத் திரும்பியவருக்கு அந்தப் பத்து நிமிடத் துண்டுகள் மொத்தமாகப் போய்விட்டன. கையில் மிஞ்சுவது, களைத்து வீடு சேர்ந்த பின் இருக்கும் ஒரே நீளமான மாலை. அந்த மாலையில், உணவை வீட்டு வாசலில் கொண்டுவந்து தரும் செயலி கைபேசியில் காத்திருக்கிறது. அதைத் தரவிறக்கி, முகவரியையும் அட்டை எண்ணையும் பதிந்து வைத்தது ஊரடங்கில்தான் என்பவர்கள் ஏராளம். சமையல் பழக்கத்துக்கு இருந்த ஆதரவு போனது, ஆர்டர் செய்யும் பழக்கத்துக்கு இருந்த ஆதரவு போகவில்லை.

அச்சத்தால் வந்த பழக்கங்கள் இன்னும் வேகமாகப் போயின. கை கழுவுதல் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. சிகாகோவில் ஒரு மருத்துவமனையில் தானியங்கி உணரிகளால் பதிவான கணக்கின்படி, 2020 மார்ச் இறுதியில் ஊழியர்கள் கை சுத்தம் செய்த விகிதம் 90 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. ஆகஸ்டில் அது ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. மருத்துவமனைக்குள்ளேயே, தொற்று இன்னும் முடியாதபோதே இந்த நிலை. அச்சம் வலுவான தூண்டுதல்தான், ஆனால் அது ஓர் இடத்திலோ நேரத்திலோ கட்டப்பட்டதன்று. தணியும்போது தன்னோடு வந்தவற்றையும் கூட்டிக்கொண்டு போய்விடுகிறது.

இனி உங்கள் இரவுக்கு வருவோம். தூக்கத்தைப் பொறுத்தவரை ஊரடங்கு செய்தது ஒருபக்கமான கேடன்று. கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்தில் 139 மாணவர்களை வைத்துப் பார்த்தபோது, வீட்டிலிருந்து படிக்கத் தொடங்கியபின் வார நாட்களில் தூக்கம் சுமார் 30 நிமிடம் கூடியிருந்தது. அதே நேரத்தில் தூங்கும் வேளை சுமார் 50 நிமிடம் பின்னே தள்ளிப்போயிருந்தது. வார நாளுக்கும் விடுமுறைக்கும் இடையில் உடல் கடிகாரம் இழுபடுவதை மியூனிக் ஆய்வாளர் டில் ரோன்னிபெர்க் 'சமூக ஜெட்லாக்' என்று அழைத்தார். அதுவும் அந்த நாட்களில் குறைந்தது. அதாவது, பலர் தாமதமாகத் தூங்கினாலும் தாமதமாகவே எழுந்ததால் கணக்கு நேராயிற்று. சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. எழும் நேரத்தை அலுவலகமும் பள்ளியும் அலாரம் வைத்துப் பழைய இடத்துக்கு இழுத்துவிட்டன. படுக்கும் நேரத்தை இழுக்க யாரும் வரவில்லை. மாலைத் திரையும் தலையணையருகே கைபேசியும் ஊரடங்கில் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. கூடுதலாகக் கிடைத்த அந்த அரைமணி நேரத் தூக்கம் போய், பின்தள்ளப்பட்ட ஐம்பது நிமிடம் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. விழித்திருக்கும் அந்த நேரத்தில்தான் உங்கள் கொறிப்பும் நடக்கிறது, ஆகையால் இவற்றை இரண்டு பழக்கங்களாக எண்ணி இரண்டு போர் தொடுக்க வேண்டாம்.

எதைக் கொறிக்கிறோம் என்பதும் ஊரடங்கின் எச்சம்தான். அடிக்கடி வெளியே போக முடியாது என்றபோது, கெடாமல் நீண்ட நாள் இருக்கும் பொட்டல உணவை மொத்தமாக வாங்கி அடுக்குவது விவேகமான செயலாகவே இருந்தது. அதற்கென்று வீட்டில் ஓர் அலமாரித் தட்டு ஒதுக்கப்பட்டது; தட்டு காலியானால் நிரப்புவது என்ற வழக்கமும் கூடவே வந்தது. தேவை தீர்ந்த பின்னும் தட்டு நிரப்பப்பட்டுக்கொண்டே இருக்கிறது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், 20 பேர் இரண்டு வாரம் மிகையாகப் பதப்படுத்திய உணவையும், இரண்டு வாரம் அவ்வாறு பதப்படுத்தாத உணவையும் வேண்டிய மட்டும் உண்டார்கள். பரிமாறப்பட்ட கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து ஆகியவை இரண்டிலும் சமமாக இருந்தும், முதல் வகையை உண்டபோது நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது. எடையும் ஏறத்தாழ 0.9 கிலோ ஏறியது. அலமாரித் தட்டில் என்ன இருக்கிறது என்பது, எவ்வளவு தின்கிறோம் என்பதையும் சேர்த்தே முடிவு செய்கிறது.

பழக்கம் போனாலும் உடல் அதன் கணக்கை உடனே மூடிவிடுவதில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 187 நாடுகளைச் சேர்ந்த நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கைபேசிப் பதிவுகளை ஆராய்ந்தபோது, பெருந்தொற்று அறிவிக்கப்பட்ட 10 நாளுக்குள் சராசரி நடையடிகள் 5.5 விழுக்காடும், 30 நாளுக்குள் 27.3 விழுக்காடும் குறைந்தது தெரிந்தது. நடை குறைந்தால் என்னாகும் என்பதற்கு அதற்கும் முன்பே கோபன்ஹேகனில் ஒரு சோதனை நடந்திருந்தது. நாளுக்குப் பத்தாயிரம் அடிக்கு மேல் நடந்த ஆரோக்கியமான இளைஞர்களை இரண்டே வாரம் ஏறத்தாழ 1,350 அடிக்குக் குறைக்கச் சொன்னார்கள். இன்சுலினுக்கு உடல் இசைந்து கொடுக்கும் திறன் குறைந்தது, உடலின் ஆக்சிஜன் பயன்பாட்டுத் திறன் சுமார் 7 விழுக்காடு சரிந்தது, கால் தசையும் மெலிந்தது. எடை மெதுவாக ஏறுவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. சான் பிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள் 269 பேரின் வீட்டு எடைக்கருவிப் பதிவுகளைப் பார்த்தபோது, வீட்டுக்குள் இருக்கும் ஆணைக்குப் பின் பத்து நாளுக்கு 0.27 கிலோ என்ற வீதத்தில் எடை கூடியிருந்தது. ஒரு வேளைச் சாப்பாட்டு எடையைவிடவும் குறைவான மாற்றம் அது. மூன்று மாதம் சேர்ந்தால் இரண்டு கிலோவைத் தாண்டும்.

எல்லோருக்கும் எடை கூடவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. அமெரிக்க உளவியல் சங்கம் 2021 தொடக்கத்தில் எடுத்த கணக்கெடுப்பில், விரும்பியதைவிட எடை கூடியதாகச் சொன்னவர்கள் 42 விழுக்காடு, விரும்பியதைவிடக் குறைந்ததாகச் சொன்னவர்கள் 18 விழுக்காடு. பெருந்தொற்றின் முதல் ஆண்டில் மனப்பதற்றமும் மனச்சோர்வும் உலக அளவில் 25 விழுக்காடு கூடின என்று உலக சுகாதார நிறுவனம் கூறியது. அந்த நிலையில் ஒருவர் அதிகம் உண்பார், இன்னொருவருக்குச் சோறு இறங்காது. நோயால் வாசனை உணர்வு திரிந்து, பிடித்த உணவே நாற்றமடித்து, உண்பதைச் சுருக்கிக்கொண்டவர்களும் உண்டு. அவர்களிடம் போய் மேசையைத் திருப்பிப் போடுங்கள் என்பது பொருந்தாது, அது மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம்.

குழந்தைகளின் கணக்கு எனக்கு அதிகக் கவலை தருவது. அமெரிக்காவில் 2 முதல் 19 வயதுக்குட்பட்ட நான்கு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளில், உடல் நிறை குறியீட்டெண் (உயரத்தோடு ஒப்பிட்ட எடையின் அளவு) உயரும் வேகம் பெருந்தொற்றுக்கு முன்பிருந்ததைப் போல ஏறத்தாழ இருமடங்காகியிருந்தது. சீனாவின் ஃபெய்ச்செங் நகரில் பள்ளிப் பிள்ளைகளின் கண்களைப் பரிசோதித்தபோது, ஆறு வயதுக் குழந்தைகளில் கிட்டப்பார்வை 2020-இல் 21.5 விழுக்காடாக இருந்தது. 2015 முதல் 2019 வரை எந்த ஆண்டிலும் அது 5.7 விழுக்காட்டைத் தாண்டியதில்லை. எடையைப் பின்னர் சரிசெய்யலாம். கிட்டப்பார்வையில் நீண்டுவிட்ட கண்விழி சுருங்காது. உங்கள் வீட்டில் பிள்ளைகள் இருந்தால், பகல் வெளிச்சத்தில் வெளியே விளையாடும் நேரத்தை உங்கள் கொறிப்பைவிட முன்னதாகக் கவனியுங்கள்.

கட்டாயத்தால் வந்த மாற்றம் நல்லதாகவும் நிலைத்திருக்கிறது. 2014 பிப்ரவரியில் லண்டன் சுரங்க ரயில் ஊழியர்கள் இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தபோது, சில நிலையங்கள் மட்டும் மூடப்பட்டதால் பலர் வேறு வழி தேட நேர்ந்தது. ரயில்கள் வழக்கம்போல ஓடத் தொடங்கிய பின்னும் அவர்களில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினர் பழைய வழிக்குத் திரும்பவில்லை. ஆண்டுக்கணக்கில் சென்றுகொண்டிருந்த வழியைவிடச் சிறந்தது ஒன்று இருப்பதை அந்த இரண்டு நாள் இடைஞ்சல்தான் அவர்களுக்குக் காட்டியது. ஐந்து விழுக்காடு சிறிது என்று தோன்றலாம். ஆனால் அந்த ஐந்து விழுக்காட்டினரைப் புதிய வழியிலேயே நிறுத்தி வைத்தது வைராக்கியமன்று, புதிய வழி பழையதைவிட எளிதாக இருந்ததுதான்.

ஆகவே நடைமுறையாக நான் சொல்வது இவ்வளவே. உடற்பயிற்சியை 'காலை ஏழு மணிக்கு' என்று மீண்டும் தொடங்காதீர்கள். அந்த ஏழு மணி இப்போது பயணத்துக்குச் சொந்தமானது. பயணத்திலேயே ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்குவது போல, இப்போதைய நாளில் உறுதியாக நடக்கும் ஏதாவதொன்றின் வாலில் அதைக் கட்டுங்கள். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலியக்கம் போதும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் சொல்கிறது, அதை ஒரே மூச்சில் செய்யவேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. கொறிப்பை நிறுத்த முயல்வதற்கு முன் படுக்கும் நேரத்தை வாரத்துக்குக் கால்மணி வீதம் முன்னே கொண்டுவாருங்கள். கைபேசி மின்னேற்றியைப் படுக்கையறையிலிருந்து கூடத்துக்கு மாற்றினால் அதில் பாதி வேலை முடிந்துவிடும். அலமாரித் தட்டை ஒருமுறை நிரப்பாமல் விட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. பாத் பல்கலைக்கழகத்தின் பாஸ் வெர்ப்ளாங்கனும் சகாவும் 800 பேரிடம் சுற்றுச்சூழலுக்கு உகந்த பழக்கங்களைப் பரப்பிப் பார்த்தார்கள். அவர்களில் பாதிப்பேர் அண்மையில் வீடு மாறியவர்கள். வீடு மாறிய மூன்று மாதத்துக்குள் இருந்தவர்களிடமே அந்த முயற்சி நன்றாகப் பலித்தது. அதற்குப் பின், மாற்றத்துக்குத் திறந்திருந்த சன்னல் மூடிக்கொண்டது. ஊரடங்கு திறந்துவிட்ட சன்னல் உங்களுக்கு எப்போதோ மூடிவிட்டது. வீட்டையோ வேலையையோ மாற்றும் எண்ணம் இருந்தால், மூட்டை பிரிக்கும் முதல் வாரத்திலேயே மின்னேற்றி எந்த அறையில், நடைக் காலணி எந்த வாசலில், பொட்டலங்கள் எந்த உயரத்தில் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள்.